கால் ஆணியா, மருவா? கிள்ளிப் பாருங்கள்

உள்ளங்காலில் தடித்திருக்கும் இடத்தை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளிப் பாருங்கள். வலித்தால் பெரும்பாலும் மரு. நேராக அழுத்தும்போது மட்டும் வலித்தால் கால் ஆணி. மரு வைரஸால் வருவது. தோல் ரேகைகள் அதன் மேல் ஓடாமல் விலகிப் போகும். நடுவே மிளகுப்பொடி தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். அவை வேரல்ல, இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். தயவுசெய்து பிளேடால் தோண்டாதீர்கள், பரவிவிடும்! இரவில் 5 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேல்தோலை மெல்லத் தேய்த்துவிட்டு, மருவின் மீது மட்டும் சாலிசிலிக் அமில மருந்தைத் தடவுங்கள். 12 வாரம்கூட ஆகலாம். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் வெறுங்காலோடு சுற்றுபவர்கள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு செல்வது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அவர்கள் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.