காளான வச்சு ஸ்போர் பிரிண்ட் எடுக்கலாம் வாங்க

அடுத்த தடவ காளான் வாங்கும்போது எல்லாத்தையும் சமைச்சுடாம ஒண்ண மட்டும் தனியா எடுத்து வைங்க. நாம காளான்னு சொல்றது மரத்துல பழம் மாதிரிதான், உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளயோ மரக்கட்டைக்குள்ளயோ வெள்ளை நூல் நூலா ஓடிட்டு இருக்கும், இந்தக் குடை வெளிய வர்றதே ஸ்போர, அதாவது விதை மாதிரியான பொடிய, கொட்டத்தான். ஒரு ஸ்போர் ஒரு மில்லிமீட்டர்ல 100ல ஒரு பங்குதான் இருக்கும், தனியா பாத்தா கண்ணுக்கே தெரியாது, ஆனா லட்சக்கணக்குல ஒரே எடத்துல கொட்டுனா கலர் தெரியும், பேப்பர்ல அப்படி விழற தடம்தான் ஸ்போர் பிரிண்ட்.

எந்தக் காளான்ங்கறதுதான் முக்கியம். அடிப்பக்கம் மூடியிருக்குற பட்டன் காளான் வேணாம், நான் மொதல்ல அதத்தான் வச்சேன், காலைல பாத்தா பேப்பர்ல ஈர வட்டம் மட்டும்தான் இருந்துச்சு. அதே இனம் முத்தி விரிஞ்சா அதுதான் போர்டபெல்லோ, அது சூப்பரா வரும். சிப்பிக் காளானும் ஓகே.

தண்டை குடையோட ஒட்ட வெட்டிடுங்க. பாதி வெள்ளை பாதி கருப்புன்னு பேப்பர ஒட்டி வச்சுக்கோங்க, ஏன்னா வெள்ளைப் பொடி வெள்ளைப் பேப்பர்ல தெரியவே தெரியாது. மடிப்புப் பக்கம் கீழ இருக்கற மாதிரி வச்சு, குடை மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு, காத்து படாம ஒரு கிண்ணத்த கவுத்துட்டு ராத்திரி பூரா விட்டுடுங்க. நடுவுல தூக்கிப் பாக்கக் கூடாது (நான் பாப்பேன், நீங்களும் பாப்பீங்க). காலைல இழுக்காம நேரா மேல தூக்குங்க, இழுத்தா மொத்தமும் ஈஷிக்கும்.

போர்டபெல்லோன்னா அடர் சாக்லேட் கலர்ல சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி நடுவுலேந்து கோடு கோடா இருக்கும், வெரல் வச்சா முகப் பவுடர் மாதிரி ஒட்டும். சிப்பிக் காளான் வெள்ளையா, இல்ல லேசான ஊதாவா வரும். வீசிங் இருக்கறவங்க மூக்க கிட்ட கொண்டு போகாதீங்க.

காட்டுல பறிச்ச காளானுக்கும் இத பண்ணலாம், ஆனா கலர பாத்து சாப்பிடலாமான்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. சிப்பிக் காளான் பொடியும் வெள்ளை, ஆளையே கொல்ற டெத் கேப் பொடியும் வெள்ளைதான், அந்த விஷம் வேகவச்சாலும் போகாது.

பிரிண்ட பத்திரமா வைக்கணும்னா ஹேர் ஸ்ப்ரே அடிங்க, ஆனா ஒரு அடி தள்ளி நின்னு. கிட்ட வச்சு அடிச்சா பொடி பறந்து போயிடும், அப்பறம் இன்னொரு காளான், இன்னொரு ராத்திரி.