பழைய சியோய் லீ பாய்மரப் படகை விற்குமுன் செய்யக்கூடாதவை

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் பிலிப் ரோட்ஸ் வரைந்த ரிலையன்ட், அதே உடலில் வந்த ஆஃப்ஷோர் 40 ஆகிய இரண்டு பாய்மரப் படகுகளையும் 1960களில் ஹாங்காங்கில் சியோய் லீ நிறுவனம் கட்டியது. ஏறத்தாழ 41 அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடல், தேக்கு வேய்ந்த மேல்தளம், பலவற்றில் இரண்டு பாய்மரம். அமெரிக்காவில் எப்போதாவதுதான் ஒன்று விற்பனைக்கு வரும். வாங்க வருபவர் பெரும்பாலும் இந்த மாடலையே தேடிக்கொண்டிருந்தவர். எங்கே ஒழுகும், எது உளுக்கும் என்பது அவருக்கு அத்துபடி. அவரிடம் பழுதை மறைக்கப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு முந்தைய வாரம் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, பலகை இடுக்குகளில் பிதுக்கித் தடவிவிடுகிறார்கள். படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குள்ள தேக்கில் சிலிக்கான் நெடுநாள் ஒட்டி நிற்பதில்லை. உரிந்த பிறகும் அதன் படலம் மரத்தில் தங்கிவிடும். அதன்மேல் தளத்துக்குரிய அடைப்புப் பசையான பாலிசல்ஃபைடு பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. அடுத்தவர் இடுக்கின் இரு ஓரங்களையும் செதுக்கி எடுத்தால்தான் புதிதாக அடைக்க முடியும். அந்தக் கூலியை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். பிரஷர் வாஷரும் இதே மாதிரிதான். தேக்கின் மென்மையான ரேகையை அரித்துவிட்டு, கடினமான ரேகையை மட்டும் வரப்பு வரப்பாக விட்டுவைக்கும். மெல்லிய பிரஷ், கடல்நீர், ரேகைக்குக் குறுக்காகத் தேய்ப்பது ஆகியவை போதும்.

இந்தத் தளத்தில் பலகையை ஸ்க்ரூ போட்டு இறக்கி, அதன் தலையை வட்டமான சின்ன மரத்தக்கையால் மூடியிருப்பார்கள். பல ஆண்டு தேய்ப்பில் பலகை மெலிய மெலியத் தக்கையும் மெலிந்து, ஒரு நாள் தெறித்துவிடும். ஸ்க்ரூ வழியே தண்ணீர் அடியில் இறங்கும். எனவே பூசாமல் தட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தளம் முழுக்கத் தட்டுங்கள். ‘டக்’ என்று கேட்டால் நல்லது. ‘தொப்’ என்று கேட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். எத்தனை தக்கை இல்லை என்று எண்ணி எழுதுங்கள். ‘கொஞ்சம் கவனிப்பு தேவை’ என்ற வரியைப் படிப்பவர் அடிப்பாகமே அழுகிவிட்டதோ என்றுதான் நினைப்பார். ‘இடப்பக்க நடைபாதையில் 2 அடிக்கு 3 அடி ஈரம்’ என்று எழுதினால் அந்த வேலைக்கான பணத்தை மட்டும் கழிப்பார்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளிலும் இதே விவேகம் வேண்டும். அவற்றை உடலோடு பிணைக்கும் செயின்பிளேட், தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஸ்டெயின்லெஸ் தகடாக இருந்தால், அந்தத் துளைக்குள் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கி, வெளியே தெரியாமல் வெடிப்பு விழும். அடையாளம், உள்பக்கச் சுவரில் வழிந்த பழுப்புக் கோடு. அதை ஆசிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு செயின்பிளேட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மேசைமேல் வைத்தால், நூறு வார்த்தை பேசுவதைவிட மேல். கம்பி மாற்றிய ஆண்டுக்கு ரசீது இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். கம்பி பழசானால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்.

அரைகுறை மராமத்து இன்னொரு பள்ளம். கேபினைப் பிரித்துப் பலகைகளைக் கொட்டகையில் அடுக்கிய படகைவிட, பழசானாலும் முழுசாக இருக்கும் படகுக்கே நல்ல விலை கிடைக்கும். முடிக்க முடியாத வேலையைத் தொடங்காதீர்கள். துருப்பிடிக்காத பழைய வெண்கலச் சாமான், கப்பி, வின்ச் (பாய்க்கயிற்றை இழுத்துச் சுற்றும் உருளை) கைப்பிடி, மூல வரைபடம் எதையும் குப்பையில் போடாதீர்கள். இந்த வகைப் படகுக்கு அவை கடையில் கிடைப்பதில்லை.

வாங்குபவர் வருவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பிளாக்கின் மேல்தான் கை வைப்பார். சூடாக இருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும். பெர்கின்ஸ் 4-107 போன்ற பழைய டீசல், குளிர்ந்த நிலையில் எத்தனை நொடியில் பிடிக்கிறது, முதல் புகை வெள்ளையா நீலமா, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

காகிதத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அமெரிக்காவில் படகின் உடல் அடையாள எண் (HIN) கட்டாயமானது 1972 நவம்பர் 1 முதல். அதற்கு முன் கட்டிய படகில் 12 எழுத்து எண் இல்லாதது குறையல்ல. கட்டுந்துறையின் வரிசை எண்ணைத் தேடி எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். கோஸ்ட் கார்டில் (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) பதிவான படகு என்றால், பழைய கடன் ஏதும் பதிவேட்டில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கடனைக் கட்டி முடித்திருந்தாலும், தீர்ந்ததற்கான ஆவணம் பதிவாகவில்லையென்றால் கைமாற்றும் நாளில்தான் சிக்கல் தெரியும். அதைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும்.

விலை வைக்கும்போது நீங்கள் செலவழித்ததைக் கூட்டாதீர்கள். மற்றவர் விளம்பரத்தில் கேட்கும் விலையும் விற்ற விலையல்ல. வழக்கமாக வாங்குபவர் 10 சதவீத முன்பணம் தருவார். தன் செலவில் படகை நீரிலிருந்து தூக்கி, படகைச் சோதிக்கும் சர்வேயரை வைத்துப் பார்ப்பார். சர்வேயரின் அறிக்கை வந்ததும் கோபப்பட்டுப் பேச்சை முறிக்கும் விற்பனையாளர்கள் உண்டு. நீங்களே எழுதிக் கொடுத்த பட்டியல் அறிக்கையோடு ஒத்துப்போனால், பேரம் பேச அவரிடம் மிச்சம் இருப்பது சொற்பம். ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வரி காப்பாகாது.

பணம் விஷயத்தில் தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்கியவர் நடுவில் கைவிட்டால் படகுத்துறை வாடகையோடு படகு உங்கள் தலையிலேயே வந்து விழும். வங்கிக் காசோலையிலும் போலி வருகிறது. கேட்டதைவிடக் கூடுதலாக அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள். தொகை கணக்கில் உறுதியானதும் நோட்டரி முன் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, பிறகு சாவியைக் கொடுங்கள். காப்பீட்டை ரத்து செய்வது அதற்கும் பிறகுதான்.