கமிட் செய்தியை ஏஐ எழுதட்டும், காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கரூர் ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கும் கோவை பம்ப் தொழிற்சாலைகளுக்கும் மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுக்கள் கொங்கு நாட்டில் நிறைய இருக்கின்றன. ஐந்தாறு பேர், ஒரே நிரல் தொகுப்பு, வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் சில மாற்றங்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஓடும் இந்த வேலையில், யார் எந்த வரியை எதற்காக மாற்றினார் என்று பின்னாளில் கேட்டால் பதில் சொல்ல, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாறு ஒன்றுதான் மிஞ்சும். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அதோடு எழுதும் குறிப்பு கமிட் செய்தி. அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பை இப்போது பலர் ஏஐ கருவிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அதைச் சரியாகச் செய்வதற்கான முறையை, கிட்டின் அடிப்படைக் கட்டளைகள் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். நம் குழுக்களில் கமிட் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன என்றாலும், எடுத்துக்காட்டுகளைத் தமிழில் தருகிறேன்.

சரக்கு லாரியில் போகும்போது ஜிஎஸ்டி விதிப்படி உடன் இருக்க வேண்டிய இ-வே பில் என்ற மின்னணு ஆவணம் எத்தனை நாள் செல்லும் என்று கணக்கிடும் ஒரு ஃபங்ஷனில், 100 என்று இருந்த எண்ணை நீங்கள் 200 என்று மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃபில் தெரிவது ஒரு வரி நீக்கமும் ஒரு வரி சேர்ப்பும் மட்டுமே. அதை அப்படியே கருவியிடம் கொடுத்தால், "இ-வே பில் கணக்கில் தூர அளவை 100-லிருந்து 200 ஆக மாற்று" என்று எழுதித் தரும். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் டிஃபைத் திறந்தவர் கண்ணுக்கே தெரிகிற செய்தியைத் தவிர வேறு எதுவும் அதில் கிடையாது. உண்மையான காரணம் நிரலுக்கு வெளியே இருக்கிறது. சாதாரணச் சரக்குக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்த விதி, 2020 டிசம்பர் 22 தேதியிட்ட மத்திய வரி அறிவிக்கை எண் 94/2020-இன்படி, 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாறியது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், பழைய கணக்கில் நான்கு நாள் செல்லுபடியான பில் புதிய கணக்கில் இரண்டே நாள்தான் செல்லும். மென்பொருள் நான்கு நாள் என்று காட்டிக்கொண்டே இருந்தால், மூன்றாம் நாள் சோதனையில் மாட்டிக்கொள்பவர் லாரி ஓட்டுநர்.

இதே ஃபங்ஷனில் சற்றுக் கீழே, அளவு மீறிய பெரிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கும் இருக்கும், ஏனெனில் அதற்கான விதி வேறு. சில ஆண்டுகள் கழித்துக் குழுவில் புதிதாகச் சேரும் ஒருவர், மேலே 200, கீழே 20 என்று பார்த்ததும் யாரோ ஒரு பூஜ்ஜியத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டதாக எண்ணுவது இயல்பே. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேம் மூலம் அவர் அந்த வரியின் கமிட்டைத் தேடிப் போகும்போது, "200 ஆக மாற்று" என்ற செய்தி அவருடைய ஐயத்தைத் தீர்க்காது. விதி மாறிய தேதியும் அறிவிக்கை எண்ணும் தீர்க்கும். டாலி கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடும் கணக்கர் நரேஷன் (விளக்கக் குறிப்பு) எழுதாமல் விட்டால், தொகை சரியாக இருந்தாலும் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டியிருப்பதைப் போன்ற நிலை இது. மாற்றம் என்ன என்பதைக் கருவி டிஃபிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏன் என்பது வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பிலோ அரசாணையிலோ உங்கள் நினைவிலோ இருப்பதால், அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கருவியைக் கூப்பிடுவதற்கு முன்

முதலில் கமிட்டை ஒரே விஷயத்துக்குரியதாகச் சுருக்குங்கள். பிற்பகல் முழுவதும் வேலை செய்தபின், இ-வே பில் திருத்தம், சாயப்பட்டறைக்குப் போன துணியின் ஜாப் ஒர்க் சலானில் ஒரு புதிய கட்டம், நிரலின் வடிவத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டர் தானாக நகர்த்திய இருநூறு வரிகள் ஆகிய எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இந்தக் கலவையைப் பார்த்து எந்தக் கருவியும் நல்ல செய்தி எழுத முடியாது. "பல்வேறு மேம்பாடுகள்" என்று தொடங்கும் செய்தி வந்தால், குறை உங்கள் கமிட்டில் இருக்கிறது என்று பொருள். கிட் ஆட் கட்டளையை -பி சேர்த்து இயக்கினால், மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி ஒவ்வொன்றையும் சேர்க்கலாமா என்று கேட்கும். வேண்டியதை மட்டும் சேர்த்தபின், கிட் டிஃப் --ஸ்டேஜ்டு என்று கொடுத்து, கமிட்டுக்குள் போகவிருப்பதை ஒருமுறை நீங்களே முழுமையாகப் படியுங்கள். கருவிக்கு அனுப்ப வேண்டியதும் இந்த வெளியீட்டைத்தான்.

டிஃப் இயல்பாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி மட்டுமே காட்டும். அந்த வரிகளுக்குள் ஃபங்ஷனின் பெயர்கூட இல்லாமல் போகலாம், அப்போது கருவி ஊகித்து எழுதத் தொடங்கும். --ஃபங்ஷன்-கான்டெக்ஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் மாற்றம் நடந்த ஃபங்ஷன் முழுவதும் வெளியீட்டில் வரும். பேக்கேஜ் லாக் கோப்புகள் போன்ற தானியங்கி வெளியீடுகளை விட்டுவிடுங்கள்; அவை ஆயிரக்கணக்கான வரிகளால் உண்மையான மாற்றத்தை மூழ்கடித்துவிடும்.

காரணத்தைக் கொடுக்கும் முறை

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கருவியிடம் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு உங்கள் சொந்த நடையில் பதில் எழுதுங்கள். இந்த மாற்றம் எதனால் தேவைப்பட்டது? இதனால் பயன்படுத்துபவருக்கு என்ன மாறும்? பக்கத்திலேயே இருந்தும் வேண்டுமென்றே தொடாமல் விட்டது எது? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பின்னாளில் படிப்பவருக்கு மிகவும் உதவுவது அதுதான். பதில்கள் முழு வாக்கியங்களாக இருக்க வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம், பேச்சுத் தமிழிலும் எழுதலாம். தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்கு வந்த பலர், காரணத்தைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தும், ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதத் தயங்கியே "பிழை திருத்தம்" என்ற ஒற்றை வரியோடு கமிட்டை முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கருவிகள் உண்மையான உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இ-வே பில் எடுத்துக்காட்டுக்கான பிராம்ப்ட் இப்படி அமையலாம்:

"கீழே உள்ள டிஃபுக்குக் கமிட் செய்தி எழுது. காரணம்: 2021 ஜனவரி 1 முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான், அறிவிக்கை 94/2020. விளைவு: தூத்துக்குடி லோடுக்கு நாலு நாள் காட்டியது இனி ரெண்டு நாள் காட்டும். தொடாதது: பெரிய சரக்குக்கான 20 கி.மீ. கணக்கு, அதற்கு விதி மாறவில்லை. முதல் வரி 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம், வரிக்கு 72 எழுத்துக்கு மிகாமல். டிஃபிலோ என் குறிப்பிலோ இல்லாத எதையும் சேர்க்காதே. காரணம் போதாது என்றால் எழுதாமல் என்னைக் கேள். சலான், லாட், பிராசஸ் லாஸ் போன்ற தொழிற்சொற்களை அப்படியே விடு."

கடைசி மூன்று வாக்கியங்களைக் குழுவில் எல்லோரும் எப்போதும் சேர்ப்பது நல்லது. கிடைக்கும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இ-வே பில்: நாளொன்றுக்கு 200 கி.மீ. என்று கணக்கிடு

அறிவிக்கை 94/2020-இன்படி 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் மட்டுமே செல்லும். பழைய கணக்கு நீண்ட தூரப் பயணங்களுக்குக் கூடுதல் நாட்களைக் காட்டியது. அளவு மீறிய சரக்குக்கான 20 கி.மீ. விதி மாறாததால் அந்தப் பகுதி தொடப்படவில்லை."

50, 72 என்ற அளவுகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2005-இல் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்காக கிட்டை உருவாக்கியபோது, மாற்றங்கள் மின்னஞ்சல் வழியாகவே பரிமாறப்பட்டன. கமிட்டின் முதல் வரி மின்னஞ்சலின் பொருள் வரியாக அமைந்தது. இன்றும் கிட் லாக் --ஒன்லைன் கொடுத்தால் தெரிவது அந்த முதல் வரி மட்டுமே என்பதால், அது தனியாக நின்று பொருள் தர வேண்டும்.

உங்கள் குழு செய்தியின் தொடக்கத்திலேயே மாற்றத்தின் வகையைக் குறிக்கும் கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையைப் பின்பற்றினால், ஃபிக்ஸ் (பிழைத்திருத்தம்), ஃபீட் (புதிய வசதி) போன்ற வகைப் பெயரை நீங்களே முடிவு செய்து கருவியிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெயரைப் படித்துத் தானாகப் பதிப்பு எண்ணை உயர்த்தும் கருவிகள் இருப்பதால், ஃபிக்ஸ் என்று வர வேண்டிய இடத்தில் ஃபீட் என்று வந்தால், பிழைத்திருத்தப் பதிப்பாக வெளியாக வேண்டியது புதிய வசதியுள்ள பதிப்பாக வெளியாகிவிடும்.

வந்ததைப் படித்துத் திருத்துதல்

கருவி எழுதியதில் முதலில் தேட வேண்டியது, நீங்கள் சொல்லாத காரணங்களை. ஒரு வாடிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட சாயப்பட்டறையின் சலான்களுக்கு மட்டும் பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் துணியின் அளவு) வரம்பை உயர்த்தச் சொல்லியிருப்பார். அந்தக் காரணம் கிடைக்காத கருவி "கணக்கின் துல்லியத்தை மேம்படுத்த" என்று எழுதிவிடும். இது கேட்க நன்றாக இருப்பதாலேயே ஆபத்தானது, ஏனெனில் காரணமே எழுதாத கமிட்டைப் பார்ப்பவர் யாரிடமாவது கேட்பார், தவறான காரணம் எழுதிய கமிட்டைப் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார். மேம்படுத்த, எளிமையாக்க, வலுவாக்க என்று முடியும் சொற்றொடர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஆதாரம் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். சோதனைகள் சேர்க்கப்பட்டதாகச் சொன்னால் டிஃபில் சோதனைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எண், தேதி, அறிவிக்கை எண் ஆகியவற்றை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். கிட் கமிட் கட்டளையை -வி சேர்த்து இயக்கினால், செய்தி எழுதும் எடிட்டரிலேயே டிஃபும் கீழே தெரியும், ஒப்பிடுவதற்கு அது வசதி.

எங்கே பொருத்துவது

விஎஸ் கோடு எடிட்டரில் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு, சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் செய்திப் பெட்டிக்கு அருகிலேயே செய்தியை எழுதித் தரும் பொத்தான் இருக்கிறது. அமைப்புகளில் கமிட் செய்திக்கான அறிவுறுத்தல்களை எழுதி வைக்கவும் இடம் உண்டு. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களின் ஏஐ உதவியாளரிலும் இந்த வசதி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் உங்கள் மனத்தில் உள்ள காரணம் கருவிக்குப் போகாது என்பதை மறக்க வேண்டாம். காரணத்தை வந்த செய்தியில் நீங்கள் சேர்க்க வேண்டும், அல்லது அரட்டைப் பெட்டியில் மேலே கண்டபடி கேட்க வேண்டும்.

டெர்மினலில் வேலை செய்பவர்கள் பிரிப்பேர்-கமிட்-எம்எஸ்ஜி என்ற ஹூக்கைப் பயன்படுத்தலாம். ஹூக் என்பது குறிப்பிட்ட கட்டத்தில் கிட் தானாக இயக்கும் ஸ்கிரிப்ட். எடிட்டர் திறப்பதற்கு முன் ஓடும் இந்த ஸ்கிரிப்டுக்கு, முதல் மதிப்பாகச் செய்திக் கோப்பின் பெயரும், இரண்டாவதாகச் செய்தி எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் கிடைக்கும். இரண்டாவது காலியாக இருந்தால் மட்டும் கருவியை அழையுங்கள், இல்லையென்றால் மெர்ஜ் செய்தியையும் அமெண்ட் மூலம் திருத்தும் பழைய கமிட்டின் செய்தியையும் அது அழித்து எழுதிவிடும். காரணத்தை ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கிட் கவனிக்காதபடி கிட்இக்னோரில் சேர்த்து, அது காலியாக இருந்தால் ஹூக் கருவியை அழைக்கவே கூடாது என்று அமைப்பதை நான் பரிந்துரைக்கிறேன். கமிட் முடிந்ததும் போஸ்ட்-கமிட் ஹூக் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடட்டும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் ஸ்கிரிப்ட் பூஜ்ஜியத்தோடு முடிய வேண்டும், ஏனெனில் இந்த ஹூக் பிழையோடு முடிந்தால் கமிட்டே நின்றுவிடும், --நோ-வெரிஃபை கொடுத்தாலும் தப்ப முடியாது. ஹூக்குகள் குளோனில் வராது; குழு முழுவதற்கும் ஒன்றாக வைக்க கோர்.ஹூக்ஸ்பாத் என்ற அமைப்பு இருக்கிறது.

இணையவழிக் கருவி எதைத் தேர்ந்தாலும், டிஃப் உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது என்ற நினைவு வேண்டும். ஏற்றுமதியாளரின் விலைப்பட்டியல், இ-இன்வாய்ஸ் தளத்தின் கடவுச்சொல், வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் ஆகியவை சோதனைத் தரவாக நிரலில் ஒட்டிக்கொண்டிருப்பது சிறு குழுக்களில் சாதாரணம். ஒப்பந்தத்தில் நிரலை மூன்றாம் தரப்புக்கு அனுப்பக் கூடாது என்று இருந்தால், ஒல்லாமா போன்ற மென்பொருள் மூலம் சொந்தக் கணினியிலேயே ஓடும் சிறிய மாடலைப் பயன்படுத்துங்கள். காரணத்தை நீங்களே கொடுப்பதால், மாடல் செய்ய வேண்டியது வாக்கியமாக்கும் வேலை மட்டுமே, அதற்குச் சிறிய மாடல் போதும்.

கோவைக் கல்லூரிகளிலிருந்து திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்கும் மாணவர்கள், அந்தத் திட்டத்தின் ஏஐ விதியை முதலில் படிக்க வேண்டும். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலிலேயே ஏஐ உதவியோடு உருவான பங்களிப்புகளைத் தடை செய்துவிட்டது. லினக்ஸ் கெர்னலில் சைன்டு-ஆஃப்-பை என்ற வரி, இதைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒரு மனிதர் தரும் உறுதிமொழி. அதைக் கருவி தானாகச் சேர்க்க விடாதீர்கள்.

எழுத்துப்பிழைத் திருத்தம் போன்ற ஒற்றைச் சொல் மாற்றங்களுக்குக் கருவி தேவையே இல்லை. ஒரு வரியை நீங்களே எழுதிவிடலாம். காரணத்தை எழுத மறந்து, கமிட்டைப் பொதுப் பிராஞ்சுக்குப் புஷ் செய்தும் விட்டீர்கள் என்றால், அமெண்ட் செய்ய வேண்டாம். செய்தி மாறினால் கமிட்டின் அடையாளக் குறியான ஹேஷும் மாறி, மற்றவர்களின் வேலை சிக்கலாகும். அதற்குப் பதில் கிட் நோட்ஸ் ஆட் என்ற கட்டளையால் பழைய கமிட்டோடு ஒரு குறிப்பை இணைக்கலாம். கமிட் மாறாது, கிட் லாக் அந்தக் குறிப்பைச் செய்திக்குக் கீழே காட்டும். இந்தக் குறிப்புகள் வழக்கமான புஷ்ஷில் போகாது என்பதால், ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ் என்ற பெயரைக் குறிப்பிட்டுத் தனியாகப் புஷ் செய்யுங்கள். குழுவில் மற்றவர்களும் அதே பெயரைச் சொல்லித்தான் ஃபெட்ச் செய்துகொள்ள வேண்டும்.