டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ்: ஹீட் முள்ளை நம்பிக் கெட்ட கதையும் மற்ற தவறுகளும்

சித்திரை வெயில். திருமயம் தாண்டி கானாடுகாத்தான் நோக்கி வந்துகொண்டிருந்தேன். பின்னால் அரை வண்டிச் சாமான். டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள், வழக்கம்போல நடுவில் நின்றது, கொஞ்ச நேரத்தில் மெல்லக் கீழே இறங்கியது. என்ஜின் குளிர்ச்சியாக ஓடுகிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பாகு காய்ச்சுகிற மாதிரி ஓர் இனிப்பு வாடை வந்ததையும் சட்டை செய்யவில்லை. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இழுவை செத்து, வண்டி ஓரத்தில் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் அடி ஹோஸ் பிளந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மொத்தமும் வழியிலேயே கொட்டியிருக்கிறது. அந்த இனிப்பு வாடை அதுதான்.

"முள்ளு எறங்குனா வண்டி குளுந்துருச்சுன்னு அர்த்தமில்ல தம்பி, சென்சாருக்குத் தண்ணி எட்டலைன்னு அர்த்தம்" என்றார் காரைக்குடி பட்டறை அண்ணன். சென்சார் கூலன்டில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, கேஸ்கெட் மாற்றி வண்டி கைக்கு வரப் பத்து நாள் ஆனது.

டர்போ டீசல் வண்டிக்காரர்கள் செய்கிற முதல் தவறு இந்த முள்ளை நம்புவது. பல வண்டிகளில் அது வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டது. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ல் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும். அது மேலே ஏறுகிறது என்றால் காரியம் ஏற்கெனவே கெட்டுவிட்டது. சிவப்பு விளக்கு அதைவிடத் தாமதம்.

இப்போதைய டீசல் வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும், என்ஜின் கம்ப்யூட்டரின் விவரங்களைப் படிப்பதற்கான துளை அது. தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் ரீடரை அதில் செருகினால் கூலன்ட் சூடு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் (பூஸ்ட்), உள்ளே போகும் காற்றின் சூடு எல்லாம் போனில் எண்ணாக வந்துவிடும். ஆனால் வாங்கி மாட்டிவிட்டு, ஏதாவது கெட்டுப்போன பிறகுதான் முதல் தடவை பார்ப்பவர்கள் அதிகம். வண்டி நன்றாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: தேவகோட்டை ரோடு, மதியம், ஏசியோடு, சாமான் இல்லாமல், 80 வேகத்தில் 88 டிகிரி. அதே ரோட்டில் அதே வேகத்தில் ஒருநாள் 96 காட்டினால் முள் அசையாது, ஆனால் எனக்குத் தெரிந்துவிடும். போன முறை அப்படிப் பார்த்தபோது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே புழுதியும் பூச்சியும் மெத்தை மாதிரி படிந்திருந்தது. முன்னால் நான்கு பெரிய லைட்டுகளை மாட்டிக் காற்றை மறைப்பவர்களுக்கும் இதே கதைதான். சாக்கெட் இல்லாத பழைய வண்டி என்றால் கூலன்ட் குறைந்தால் கத்துகிற ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர். எங்கள் வீட்டு ஆச்சி மழை பெய்தால் முற்றத்தில் அண்டாவை வைத்துப் பிடிப்பார். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது அவர் சொல்லும் காரணம். பருப்பே வேகாத தண்ணீரை என்ஜினுக்குள் ஊற்றினால் என்ன ஆகும்? உப்பு படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கம்பெனி சொல்லும் கூலன்டை, கலக்காதது என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். வழியில் மாட்டிக்கொண்டு குடிதண்ணீரை ஊற்ற நேர்ந்தால் ஊருக்கு வந்ததும் முழுசாக வடித்து மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய்க்கும் டர்போவுக்கும் உள்ள உறவு பலருக்குப் பிடிபடுவதில்லை. டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எண்ணெய் போய்ச் சேருமுன்னே அது சுற்றத் தொடங்கிவிடும். அதேபோல திருச்சியிலிருந்து மிதித்துக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் சட்டென்று ஆஃப் செய்தால், சூடான டர்போவுக்குள் நிற்கும் எண்ணெய் கருகிக் கரியாகும். சமவெளியில் சாதாரணமாக வந்தால் ஒரு நிமிடம் ஐடிலிங் (நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடுவது) போதும். பாரம், ஏற்றம் என்றால் இரண்டு மூன்று நிமிடம். நம் தெருக்களுக்குள் நுழைந்து வீட்டு வாசலுக்கு மெதுவாக ஊர்ந்து வருவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டுக் கால்மணி நேரம் ஐடிலிங்கில் விடுபவர்களும் உண்டு. அது வீண், புகைக்கரிதான் சேரும். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: கூலன்ட் கொட்டிவிட்டது என்று தெரிந்தால் டர்போவைப் பற்றி யோசிக்காமல் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவும் கூடாது.

சரி, நான் அதிகம் கற்றுக்கொண்டது கொடைக்கானல் ஏற்றத்தில்தான். ஒரு வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகப் போனேன். எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் ஈஜிடி கேஜ் அப்போதுதான் மாட்டியிருந்தேன். அதன் முனை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் இருக்கும். நாலாவது கியரில், 1400 ஆர்பிஎம்மில், டீசல் மிச்சப்படுத்துகிறோம் என்ற நினைப்பில் பெடலை அழுத்திக்கொண்டே ஏறினேன். என்ஜின் சத்தம் மெதுவாக, சாதுவாகத்தான் இருந்தது. கேஜ் 600, 640, 680 என்று ஏறியது. கூலன்ட் எண் கொஞ்சமும் மாறவில்லை. மூன்றாவது கியருக்கு இறக்கியதும் ஆர்பிஎம் 2000 ஆனது, சத்தம் கூடியது, வேகம் அதேதான். அரை நிமிடத்தில் ஈஜிடி 560-க்கு இறங்கிவிட்டது.

ஏன்? டீசலில் காற்று குறைந்து எரிபொருள் கூடினால் சூடு ஏறும். தாழ்ந்த ஆர்பிஎம்மில் டர்போ போதுமான காற்றைத் தள்ளாது. நாமோ பெடலை அழுத்தி டீசலை மட்டும் ஊற்றுகிறோம். கியரை இறக்கினால் டர்போ எழுந்துகொள்கிறது, காற்று நிறையப் போகிறது, தண்ணீர் பம்பும் ஃபேனும்கூட வேகமாகச் சுற்றுகின்றன. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம். பிஸ்டன் அலுமினியக் கலவை. கூலன்டும் எண்ணெயும் சூட்டை எடுத்துக்கொண்டே இருப்பதால்தான் அது தாங்குகிறது. டர்போவுக்கு முன்னால் 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நிற்க விடக்கூடாது என்பதை நான் எல்லையாக வைத்திருக்கிறேன். கேஜ் இல்லாதவர்களுக்குக் கால்தான் கேஜ்: பெடலை இன்னும் அழுத்தியும் வேகம் கூடவில்லை என்றால் உடனே ஒரு கியர் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்குப் போய் இறக்குங்கள். இந்தக் கேஜ் இல்லாமல், இழுவையைக் கூட்டுகிற டியூனிங் பாக்ஸ் மாட்டுவதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது என்றுதான் சொல்வேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பிஎஸ் 6 (புகை விதி) டீசல் வண்டி என்றால் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். செக்காலையிலிருந்து கொப்புடையம்மன் கோயிலுக்கும் திரும்ப வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், அது தெருவுக்குள் கிடைக்காது. வாரம் ஒருமுறை புதுக்கோட்டை வரைக்கும் நிற்காமல் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் அதற்காகத் தெளித்த டீசல், என்ஜின் எண்ணெயில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஏறுகிறதே, பரவாயில்லை என்று இருக்காதீர்கள். எண்ணெய் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி வேட்டியில் பட்டாலே போகாது. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி, கம்ப்ரஸரால் பலமாக ஊதித் தாளைக் கிழித்துவிடுபவர்கள் உண்டு. வெளிப்பக்கத்திலிருந்து ஊதினால் தூசி உள்ளேதான் போகும். நான் பார்ப்பது இது: ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் குழாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தடவுவேன். விரலில் செம்மண் ஒட்டினால் ஃபில்டரோ கிளாம்போ சரியில்லை. அந்தத் தூசி டர்போவின் இறக்கைகளையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். புதிதாக மாற்றும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஃபோர் வீல் லீவர். பார்ட் டைம் வகையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் லீவரைப் போடும் வண்டியில், போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் முடியாது. பந்தாவுக்கு ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) கடைவீதியில் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிப்பது கையிலேயே தெரியும். லீவர் திரும்ப வராமல் சிக்கிக்கொண்டால் முறுக்காதீர்கள், நேராகப் பின்னால் சில அடி எடுத்தால் விட்டுவிடும். மறுபக்கம், வருடக்கணக்கில் அதைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை கண்மாய்க்கரை மண்ணில் போட்டு ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவும். மெதுவான, பலமான இழுவைக்கான ஃபோர் லோவுக்கு மட்டும் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் மறுகால் போய் ரோட்டைத் தாண்டிப் பாயும். என்ஜின் காற்றை உறிஞ்சும் ஏர் இன்டேக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இறங்காதீர்கள். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள்.

தண்ணீரைக் கடந்து பத்திரமாக வந்தாலும் வேலை முடியவில்லை. சூடாக ஓடிய டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் என்ற காற்றுக்குழாய் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். வண்டியை ஓர் இரவு நிறுத்தி வைத்து, காலையில் டிஃபரென்ஷியலின் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, எண்ணெய் மோர் நிறத்தில் வந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிகட்டியையும் அதே கையோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பார்த்துவிடலாம். தண்ணீர் இருந்தால் டீசலுக்கு அடியில் தனியாக நிற்கும்.