சாண்டோரினி கூட்டம் வேண்டாமா? டீனோஸுக்குப் போங்கள்

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோரும் சாண்டோரினி, மிக்கனோஸ் என்றுதான் டிக்கெட் போடுகிறார்கள். மிக்கனோஸிலிருந்து கப்பலில் சுமார் அரை மணி நேரத்தில் டீனோஸ் தீவு. இங்கே விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸில் இறங்குபவர்கள் பிரேயஸ் துறைமுகம் வரை அலைய வேண்டாம்; விமான நிலைய வாசலிலேயே ரஃபீனா துறைமுகத்துக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து கப்பல்.

துறைமுக ஊரோடு நின்றுவிடாதீர்கள், மலைக் கிராமங்கள்தான் விசேஷம். பிர்கோஸில் வாசல் நிலை முதல் பஸ் நிறுத்தம் வரை பளிங்கு. டீனோஸின் பளிங்கு வேலைப்பாட்டை யுனெஸ்கோ 2015-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வோலாக்ஸில் யானை படுத்தாற்போல உருண்டைப் பாறைகள், அவற்றுக்கு நடுவே வீடுகள். கூடை முடைவது அந்த ஊர்க்காரர்களின் பழைய தொழில். வாங்கினால் அங்கேயே வாங்குங்கள்.

ஆகஸ்ட் 15 மாதா திருவிழா. பக்தர்கள் குவிவார்கள், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வேறு. பலமாக அடித்தால் கப்பல் ஓடாது. அதனால் மே, ஜூன், செப்டம்பர் நல்லது. எப்போது போனாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் வந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊரே தூங்கும் (நமக்குப் பழக்கமானதுதானே!). அப்போது சத்தம் போடாதீர்கள். எதிர்ப்படும் பெரியவர்களுக்கு ஒரு ‘கலிமேரா’ சொல்லுங்கள், காலை வணக்கம் என்று அர்த்தம்.