டாலி பிரைமில் சேல்ஸ் ஆர்டர்: பதிவு செய்வது முதல் பில்லில் கழிப்பது வரை

வாடிக்கையாளர் 100 பெட்டி கேட்டார். 60 அனுப்பி, அந்த 60-க்கு பில்லும் போட்டாயிற்று. பாக்கி 40 என்று டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) காட்ட வேண்டும். ஆனால் 100 என்றே காட்டுகிறது. குடோனில் 200 பெட்டி இருந்தது, 140 மிச்சம் இருக்க வேண்டும். திரையில் 80 என்று நிற்கிறது. சேல்ஸ் ஆர்டர் போட ஆரம்பிக்கும் பலர் இந்த இடத்தில் குழம்பி, பழையபடி நோட்டில் எழுதத் திரும்பிவிடுகிறார்கள். தவறு நடப்பது இரண்டே இரண்டு கட்டங்களில்தான். அங்கே போகும்போது நிதானமாகப் பார்க்கலாம்.

பார்ட்டி லெட்ஜர் (வாடிக்கையாளரின் கணக்கு), ஸ்டாக் ஐட்டம், யூனிட் எல்லாம் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். சேல்ஸ் ஆர்டர் என்பது கணக்குப் பதிவே கிடையாது. அதைப் போட்டதும் பார்ட்டியின் பாக்கி ஏறாது, விற்பனை ஏறாது, சரக்கு குறையாது, ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் வராது. "இவருக்கு இவ்வளவு சரக்கு, இந்த விலையில், இந்தத் தேதிக்குள்" என்ற வாக்குறுதியை எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. ஆர்டரில் ஜிஎஸ்டி லெட்ஜரைச் சேர்ப்பதும் வாடிக்கையாளருக்கு மொத்தத் தொகை தெரிவதற்காகத்தான்.

படி 1: ஆர்டர் திரையைத் திறப்பது

கேட்வே ஆஃப் டாலியில் வவுச்சர்ஸ் போய் கண்ட்ரோல் + எஃப்8 அழுத்துங்கள். இதற்கு முன் பயன்படுத்தியதில்லை என்றால் வவுச்சர் வகை செயலில் இல்லை என்று சொல்லி, இயக்கட்டுமா என்று கேட்கும், சரி கொடுத்துவிடுங்கள். டாலியின் பழைய பதிப்பான இஆர்பி 9-இல் பழகியவர்களின் விரல் ஆல்ட் + எஃப்5-க்குப் போகும். பிரைமில் அந்தச் சாவி மாறிவிட்டது.

படி 2: ஆர்டர் நம்பர்

பார்ட்டியைத் தேர்ந்தெடுத்ததும் ஆர்டர் நம்பர் என்ற கட்டம் வரும். வவுச்சர் எண்ணே அதில் தானாக விழும். சிலர் அதை அழித்துவிட்டு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை அடிக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் எண் எந்த ஒழுங்கில் வரும் என்பது நம் கையில் இல்லை, சில நேரம் எண்ணே இருக்காது. நம் எண்ணை ஆர்டர் நம்பராக விட்டுவிட்டு, அவருடைய எண்ணை 'அதர் ரெஃபரன்சஸ்' கட்டத்தில் எழுதுங்கள்.

ஆர்டர் எண்ணுக்கு வருடம் தெரியும்படி ஒரு முன்னொட்டு கட்டாயம் வையுங்கள். ஏப்ரலில் எண் மறுபடி 1-இல் தொடங்கினால், போன வருடம் முடியாமல் கிடக்கும் 12-ஆம் எண் ஆர்டரும் இந்த வருடத்து 12-ம் ஒரே பார்ட்டியிடம் மோதிக்கொள்ளும். வவுச்சர் டைப்பைத் திருத்தினால் எண் அமைப்பில் முன்னொட்டு வைக்க இடம் இருக்கிறது.

படி 3: ஐட்டமும் 'டியூ ஆன்' தேதியும்

ஐட்டத்தைத் தேர்ந்ததும் ஒதுக்கீட்டுத் திரை திறக்கும்: டியூ ஆன், அளவு, விலை. இங்கே பலர் ஒரே வரியில் 100 பெட்டி என்று போட்டு வெளியே வந்துவிடுவார்கள். இரண்டு தவணையாக அனுப்பப் போகிறீர்கள் என்றால் இரண்டு வரியாகப் போடுங்கள்: 10-ஆம் தேதிக்கு 60, 20-ஆம் தேதிக்கு 40. பாக்கி அறிக்கையில் எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு இந்தத் தேதியை வைத்துத்தான் வருகிறது. டியூ ஆன் தேதியை ஆர்டர் தேதியாகவே விட்டுவிட்டால், மறுநாள் காலையிலிருந்தே எல்லா ஆர்டரும் தாமதம் என்று வரும். பிறகு அந்தப் பட்டியலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கண்ட்ரோல் + ஏ கொடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சரக்கு அனுப்புவதும் பில் போடுவதும்

இந்தப் பதிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சரக்கும் பில்லும் ஒன்றாகவே போகும் வியாபாரம் என்றால் டெலிவரி நோட்டே (சரக்கு அனுப்பியதைப் பதியும் வவுச்சர்) வேண்டாம். எஃப்8-இல் விற்பனை பில்லைத் திறந்து பார்ட்டியைத் தேர்ந்ததும், அனுப்பும் விவரங்களுக்கான திரை வரும். அதிலுள்ள ஆர்டர் நம்பர் கட்டத்தில் அந்தப் பார்ட்டியின் பாக்கி ஆர்டர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்தால் ஐட்டம், அளவு, விலை எல்லாம் தானாக வந்து விழும். அளவை 60 ஆகத் திருத்தினால் போதும். இந்தத் திரையே வரவில்லை என்றால் எஃப்12-க்குப் போய் ஆர்டர், டிஸ்பாட்ச் விவரங்களைக் கேட்கும் அமைப்பை 'யெஸ்' ஆக்குங்கள்.

சரக்கு இன்று, பில் பிறகு என்றால் டெலிவரி நோட் தேவை. ஆல்ட் + எஃப்8. இப்போது ஐட்டம் ஒதுக்கீட்டுத் திரையில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: டிராக்கிங் நம்பர், ஆர்டர் நம்பர். ஆர்டர் நம்பர், சரக்கை வாக்குறுதியோடு கட்டுகிறது. டிராக்கிங் நம்பர், சரக்கை பில்லோடு கட்டுகிறது. இரண்டிலுமே 'நாட் அப்ளிகபிள்' என்ற வாய்ப்பு உண்டு. அவசரத்தில் என்டரைத் தட்டிக்கொண்டே போனால் அதுவே பதிவாகிவிடும்.

ஆர்டர் நம்பரில் 'நாட் அப்ளிகபிள்' விழுந்தால், சரக்கு 60 குறையும். ஆர்டர் மட்டும் 100 என்றே நிற்கும். பில்லில் டிராக்கிங் நம்பருக்கு 'நாட் அப்ளிகபிள்' விழுந்தால் இன்னும் மோசம். டிராக்கிங் நம்பர் உள்ள பில் சரக்கைத் தொடாது, ஏனென்றால் டெலிவரி நோட்டே அதைக் குறைத்துவிட்டது. அது இல்லாத பில்லை டாலி நேரடி விற்பனையாக எடுத்துக்கொண்டு இன்னொரு 60-ஐக் குறைக்கும். ஆரம்பத்தில் சொன்ன 80 வந்த வழி இதுதான்.

ஆகவே டெலிவரி நோட்டில் ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள், பில்லில் டெலிவரி நோட் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எதையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலிலிருந்தே எடுங்கள். பட்டியலில் ஆர்டர் வரவில்லை என்றால், அந்தப் பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்து உருவாக்கிய இரண்டாவது லெட்ஜரில் ஆர்டர் உட்கார்ந்திருக்கும்.

ஏற்கெனவே தவறாகப் போட்டுவிட்டீர்களா? பில்லை அழிக்க வேண்டியதில்லை. டே புக்கிலிருந்து (அன்றாடப் பதிவுகளின் பட்டியல்) அதைத் திறந்து, ஐட்டத்தில் என்டர் அழுத்தி, ஒதுக்கீட்டுத் திரையில் டிராக்கிங் நம்பரைச் சரியான டெலிவரி நோட்டுக்கு மாற்றிச் சேமியுங்கள். 80 உடனே 140 ஆகிவிடும். அதேபோல் டெலிவரி நோட்டையும் திறந்து ஆர்டர் நம்பரைக் கொடுத்தால், பாக்கி 40-க்கு இறங்கும்.

படி 5: பாக்கியைக் கண்காணிப்பது

ஆல்ட் + ஜி அழுத்தி அறிக்கையின் பெயரை அடித்தால் நேராகப் போய்விடலாம். மெனுவில் தேடிக்கொண்டிருப்பதை விட இது எவ்வளவோ மேல். எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று.

சேல்ஸ் ஆர்டர் அவுட்ஸ்டாண்டிங்: கேட்ட அளவு, பாக்கி அளவு, டியூ தேதி, தாமத நாள். தினமும் காலையில் பார்க்க வேண்டியது.

சேல்ஸ் பில்ஸ் பெண்டிங்: சரக்கு போய் பில் போடாதவை ஒருபக்கம், பில் போட்டு சரக்கு போகாதவை இன்னொரு பக்கம். பில் கொடுத்தது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தும் 'பில் போடாதவை' பக்கத்தில் ஒரு வரி நின்றால், டிராக்கிங் நம்பர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மாதக் கடைசியில் ரிட்டர்னுக்கு உட்காரும் முன் இதைக் காலி செய்துவிடுங்கள்.

ரீஆர்டர் ஸ்டேட்டஸ்: இதைப் புதியவர்கள் திறப்பதே இல்லை. ஸ்டாக் சம்மரியில் 200 என்று பார்த்துவிட்டு அடுத்தவருக்கு 150 தருகிறேன் என்று சொல்லிவிடுகிறோம். அதில் 100 ஏற்கெனவே வாக்குக் கொடுத்த சரக்கு. இந்த அறிக்கை இருப்போடு வரவேண்டிய பர்ச்சேஸ் ஆர்டரைக் கூட்டி, கொடுக்க வேண்டிய சேல்ஸ் ஆர்டரைக் கழித்து 'நெட் அவைலபிள்' காட்டும். போனில் பதில் சொல்லும்போது பார்க்க வேண்டிய எண் அதுதான்.

ஆர்டர் மாறினால், நின்றுபோனால்

ஒன்றுமே அனுப்பாத நிலையில் ஆர்டர் ரத்தானால் ஆல்ட் + எக்ஸ் கொடுத்து கேன்சல் செய்யுங்கள். ஆல்ட் + டி வேண்டாம். அழித்துவிட்டால் அந்த எண்ணில் என்ன இருந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. 60 போன பிறகு மீதி 40 வேண்டாம் என்று சொன்னால், ஆர்டரைத் திறந்து 100-ஐ 60 ஆக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கணக்கு நேராகிவிடும், ஆனால் அவர் கேட்டது 100 என்ற உண்மை மறைந்துபோகும். நாளை விலைத் தகராறு வந்தால் 100-க்கு பேசிய விலை இது என்று காட்ட ஆதாரம் இருக்காது. இதற்கென்றே ப்ரீ-க்ளோஸ் வசதி இருக்கிறது. மூடும் அளவையும் காரணத்தையும் பதிந்து மீதியை முடித்துக்கொள்ளலாம். காரணத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள்.

பின்னர் சேர்த்தவை

முன்பணம் வாங்கினால் எங்கே போடுவது? ஆர்டரில் அதற்கு இடமில்லை. ரசீது வவுச்சரில் 'அட்வான்ஸ்' என்று தேர்ந்து, ரெஃபரன்ஸ் பெயராக ஆர்டர் எண்ணையே கொடுங்கள். பில் போடும்போது 'அகைன்ஸ்ட் ரெஃப்' மூலம் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இல்லாதவர்கள் சரக்குக்கான முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை என்பது 2017 நவம்பர் 15 முதல் உள்ள விதி. சேவைக்கான முன்பணத்துக்கு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொட்டேஷனையும் இதிலேயே போட முடியுமா? முடியும். சேல்ஸ் ஆர்டரின் கீழ் 'கொட்டேஷன்' என்று புதிய வவுச்சர் டைப் ஒன்றை உருவாக்கி, எப்போதும் 'ஆப்ஷனல்' ஆக இருக்கும்படி அமைத்துவிடுங்கள். ஆப்ஷனலாக இருக்கும்வரை பாக்கிப் பட்டியலில் வராது. வாடிக்கையாளர் சம்மதித்த அன்று அதைத் திறந்து கண்ட்ரோல் + எல் அழுத்திச் சேமித்தால் ஆர்டராகிவிடும். டியூ ஆன் தேதியை மட்டும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். கொட்டேஷன் கொடுத்த நாளில் எழுதிய தேதி அதற்குள் கடந்துபோயிருக்கும்.