வேர் நெருங்கிய போன்சாய்க்குத் தொட்டி மாற்றுவது எப்போது, எப்படி?

முன்பெல்லாம் ஊற்றியவுடன் மண்ணுக்குள் இறங்கிய நீர், இப்போது மேலே குளம் கட்டி நின்று விளிம்பு வழியே வழிகிறது என்றால், அந்தப் போன்சாயின் தொட்டிக்குள் வேர் நெருங்கிவிட்டதா என்று பார்க்கும் வேளை வந்துவிட்டது. வடிகால் துளையிலிருந்து வேர் வெளியே நீள்வதும், வேர்த்திரள் தடித்து மரத்தையே விளிம்புக்கு மேலே தூக்கிவிடுவதும், புதுத்துளிர்கள் ஆண்டுக்காண்டு குட்டையாவதும் இதற்குரிய மற்ற அடையாளங்கள். இலை மஞ்சளாவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஐயத்தைத் தீர்க்க வேரையே பார்த்துவிடுவது நல்லது. மண் சற்று உலர்ந்திருக்கும்போது, மரத்தைத் தொட்டியோடு பிணைத்திருக்கும் கம்பியை வெட்டிவிட்டு, உட்சுவரை ஒட்டி மெல்லிய கத்தியை ஒரு சுற்று ஓட்டி, அடிமரத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். மண் உதிர்ந்து, வேர் இடையிடையே மட்டும் தெரிந்தால், அப்படியே திரும்ப வைத்துக் கட்டிவிடலாம். மண்ணே தெரியாமல், தொட்டியின் வடிவத்திலேயே நார் மிதியடி போல வேர் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தால் மாற்றியாக வேண்டும். நாள்தோறும் தவறாமல் நீரூற்றிவந்த அத்தி வகை மரம் ஒன்றை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். வெளிச்சுற்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குச்சியால் பிரித்தபோது, அடிமரத்துக்கு நேர்கீழே ஒரு கைப்பிடி மண் பொடியாக உலர்ந்து கிடந்தது. நீரும் காற்றும் போக வேண்டிய இடைவெளிகளை வேரே அடைத்துக்கொள்வதுதான் வேர் நெருக்கத்தின் உண்மையான ஆபத்து.

இலையுதிர்க்கும் மரங்களுக்கும் பெரும்பாலான ஊசியிலை மரங்களுக்கும் உகந்த காலம் இளவேனிலின் தொடக்கம். மொட்டுகள் பருத்திருக்க வேண்டும், ஆனால் விரிந்திருக்கக் கூடாது. அந்நாட்களில் மரம் சேமித்த உணவு செலவாகாமல் இருக்கும். வெட்டிய இடத்தில் புதுவேரும் விரைந்து பிடிக்கும். வெப்பமண்டல மரங்களை, வெப்பம் நிலைத்து வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் மாற்றலாம். இளமரங்களுக்கு 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை, முதிர்ந்தவற்றுக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. எனினும் வேரைப் பார்க்காமல் நாட்காட்டியை மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை. பருவம் தவறிய நேரத்தில் மரம் வாடத் தொடங்கினால், வேரை வெட்டாமல், வேர்க்கட்டியைக் கலைக்காமல், சற்றுப் பெரிய தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் மண்ணிட்டு, உரிய பருவம்வரை காப்பாற்றி வைக்கலாம்.

வழக்கமான மாற்றத்துக்கோ பெரிய தொட்டி தேவையில்லை. வேரைக் குறைத்து, புதுமண்ணுக்கு இடம் உண்டாக்கி, பெரும்பாலும் அதே தொட்டியில்தான் மரத்தைத் திரும்ப வைக்கிறோம்.

வேர் வெளிக்காற்றில் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், மரத்தைத் தூக்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புதுமண்ணாக, அகடாமா என்னும் ஜப்பானியக் களிமண் குருணை, நுரைக்கல், எரிமலைக்கல் ஆகியவற்றின் கலவை பரவலாகப் பயன்படுகிறது. இவை கிடைக்காத இடத்தில் உடைத்த செங்கல் குருணையும் பருமணலும் உதவும். எதுவானாலும் குருணை ஏறத்தாழ 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தூளைச் சலித்துக் கழித்துவிட வேண்டும். தூள் அடியில் படிந்து வடிகாலை அடைத்துவிடும் என்பதால், சலிக்காமல் விடுவது மாற்றிய பலனையே கெடுத்துவிடும்.

வேரைப் பிரிக்கும் வேலையில் பொறுமை வேண்டும். வேர்க்கொக்கியாலோ மூங்கில் குச்சியாலோ, தலைமுடிச் சிக்கெடுப்பது போல, ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வெளிநோக்கி இழுத்துச் சிறிது சிறிதாகப் பிரித்து, இடையிடையே நீர் தெளித்துக்கொள்ள வேண்டும். சுற்றி ஓடும் நீண்ட வேர்களையும், கீழ்நோக்கிப் பாயும் தடித்த வேர்களையும் கூரிய கத்தரியால் வெட்டலாம். நீரை உறிஞ்சுபவை சல்லிவேர்கள் என்பதால், அடிமரத்துக்கு அருகிலுள்ள சல்லிவேர்களை இயன்றவரை காக்க வேண்டும். தடித்த வேரின் வெட்டுமுகம் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து வெட்டுவது நல்லது. நலமாக உள்ள இலையுதிர் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு வேரை எடுத்தால் பொதுவாகத் தாங்கும். பைன், ஜூனிப்பர் போன்றவற்றில் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். அவற்றின் பழைய மண்ணை முழுவதும் கழுவிவிடவும் கூடாது, ஏனெனில் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அந்தத் தாய்மண்ணில்தான் இருக்கின்றன. கறுத்து, கொழகொழவென்று அழுகிய வேரைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும்.

தொட்டியின் துளைகள்மீது வலை பொருத்தி, கட்டுக்கம்பிகளைக் கீழிருந்து மேலே கோத்துவைத்து, நடுவில் சிறு மேடாக மண்ணிட்டு, அதன்மேல் மரத்தை வைத்து இலேசாக இருபுறமும் திருகி அமர்த்துங்கள். கம்பியால் வேர்க்கட்டியை அசையாமல் கட்டுவதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடினால் அப்போதுதான் முளைக்கும் வேர்நுனிகள் முறிந்துவிடும். பிறகு சுற்றிலும் மண்ணைப் பரப்பி, குச்சியால் மெல்லக் குத்திக் குத்தி வேரிடுக்குகளில் இறங்கச் செய்ய வேண்டும். குச்சி எளிதாக உள்ளே போகும் இடமெல்லாம் வெற்றிடம் உள்ள இடம். விரலால் அழுத்தி இறுக்கக் கூடாது. இறுதியாக, மண் அரிக்காத பூவாளியால், அடித்துளையில் வடியும் நீர் தெளியும்வரை ஊற்ற வேண்டும்.

அடுத்த 2 முதல் 4 வாரங்களுக்கு மரம் கடும் வெயிலும் பலத்த காற்றும் படாத இடத்தில் இருக்கட்டும். வேர் குறைந்த மரம் முன்போல் நீர் குடிக்காது என்பதால், மேல்மண் உலரத் தொடங்கிய பிறகே நீரூற்ற வேண்டும். உரத்தைக் குறைந்தது 4 வாரங்களுக்கு நிறுத்திவைத்து, புதுத்துளிர் நீண்டு வேர் பிடித்தது உறுதியான பின், முதலில் வழக்கத்தில் பாதி அளவாகக் கொடுக்கத் தொடங்கலாம்.